இரத்தம் சொல்லும் கணக்கு



அருவியாறு கடலோடு கலக்கும் அரிப்பிலிருந்து தெற்கே சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என நீண்டு செல்லும் முசலிக் கரை ஒரு காலத்திலே முத்துக்குளிப்பினாற் பெயர் பெற்றது. இந்த ஆண்டு முத்துக்குளிப்பை நடத்தலாமா, ஆகாதா என்பதை அக்காலத்து அரசினர் எங்ஙனம் முடிவு செய்தனர் என்பது சுவையான செய்தி. கடலடியிலே சிப்பிகள் செறிந்து கிடக்கும் படுகைக்குப் 'பார்' என்று பெயர். அந்தப் பாரிலிருந்து மாதிரிக்கெனச் சில சிப்பிகளை எடுப்பித்து, கழுவி, கிடைத்த முத்துக்களை மதிப்பறிந்தோர் கையிற் கொடுத்து விலை கணிப்பித்தனர். சிப்பியின் வயதையும் வளர்ச்சியையும் நோக்கினர். இளஞ் சிப்பியாயின் பொறுத்திருந்து மறுபடியும் எடுத்துப் பார்த்தனர். ஓர் ஆண்டிலே நிறைந்து கிடந்த பார் அடுத்த ஆண்டிலே வெறுமையாய்ப் போனதும் உண்டு. ஆதலால், சிறு மாதிரியைக் கொண்டு பெரும் பாரை மதிப்பிட அறிந்தவர்கள் ஒரே மாதிரியை நம்பி முடிவு கட்டவில்லை.

இன்று வைத்தியசாலைகளிலே நடைபெறும் இரத்தப் பரிசோதனையும் இத்தகைய கலையே. கையிலிருந்து சில மில்லிலீற்றர் இரத்தத்தை எடுத்து, உடம்பினுள்ளே கண்ணுக்குத் தெரியாத ஓர் உறுப்பின் நிலையை மதிப்பிடுகின்றனர். அப்பரிசோதனைகளுள் 'கிரியற்றினின்' என்பது ஒன்று. சிறுநீரகத்தின் வேலையை அளக்கும் கருவியாக அது பயன்படுகின்றது. பரிசோதனைத் தாளிலே அந்தச் சொல்லுக்கு நேரே உள்ள எண், வழமையான எல்லையைத் தாண்டி உயர்ந்திருப்பதாகக் குறிக்கப்பட்டிருந்தால், அதைக் கையில் வாங்கியவருடைய மனம் படும் பாடு சொல்லுந் தரத்ததன்று.

அந்தத் தாளைப் பெற்றவர்கள் பெரும்பாலும் இரண்டு தவறுகளுள் ஒன்றைச் செய்கின்றனர். ஒருவர், வாழ்வே முடிந்துவிட்டதென்று கலங்கி, உண்ணாமலும் உறங்காமலும் கிடந்து, எவர் எதைச் சொன்னாலும் அந்தச் சாற்றையும் கஷாயத்தையும் குடிக்கத் தொடங்குகிறார். மற்றொருவர், "எனக்கு நோவில்லை, வீக்கமில்லை, தாள் பிழையாயிருக்கும்" என்று அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கடலுக்கோ வயலுக்கோ போய்விடுகிறார். முதலாமவர் எண்ணைத் தீர்ப்பாகக் கொண்டார். இரண்டாமவர் அதைக் குப்பையாகக் கொண்டார். உண்மையிலே அந்த எண் ஒரு வினா. அதற்குரிய விடையைத் தேடும் வழியைக் கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலிலே சிறுநீரகம் செய்யும் தொழிலைச் சிறிது நோக்குவோம். முதுகுப்புறத்திலே, விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியை ஒட்டி, முதுகெலும்பின் இருபக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒருவருடைய கைப்பிடி அளவினது. நிறை ஏறத்தாழ 150 கிராம். இருதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவ்விரண்டு சிறிய உறுப்புகளுக்கே செல்கின்றது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் நீர் அவற்றினூடாக வடிகின்றது. அதிலே பெரும்பகுதியை உடம்பு மீண்டும் உறிஞ்சிக்கொள்ள, எஞ்சிய ஒன்று அல்லது இரண்டு லீற்றரே சிறுநீராக வெளியேறுகின்றது. இரத்த அழுத்தத்தைச் சீர்படுத்துவதும், செங்குருதிக் கலங்கள் உண்டாவதற்குத் தூண்டுதல் அளிப்பதும், எலும்புக்கு வேண்டிய உயிர்ச்சத்து 'டி'யைப் பயன்படும் நிலைக்குக் கொணர்வதும் சிறுநீரகத்தின் ஏனைய பணிகள்.

இத்துணைப் பணி செய்யும் உறுப்பு பழுதடையும்போது பெரும்பாலும் நோவு தருவதில்லை. பல்லிலே சிறு குழி விழுந்தால் இரவு முழுவதும் தூக்கமில்லை. சிறுநீரகம் பாதி கெட்டாலும் மனிதன் சிரித்துப் பேசிக்கொண்டு திரிகிறான். இதனாலேதான் இரத்தத்தைச் சோதிக்க வேண்டியிருக்கின்றது.

அந்தச் சோதனையிலே அளக்கப்படும் கிரியற்றினின் என்பது தசையிலே பிறக்கும் ஒரு கழிவுப்பொருள். தசைக்கு வலுவூட்டும் கிரியற்றின் என்னும் பொருளிலே நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு நாள்தோறும் சிதைந்து கிரியற்றினினாகின்றது. 1832ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அறிஞர் செவ்ரோல் கிரியற்றினை இறைச்சியிலிருந்து பிரித்தெடுத்தார். 1886இலே ஜேர்மன் அறிஞர் மாக்ஸ் யாபே, காரம் சேர்ந்த பிக்ரிக் அமிலத்தோடு கிரியற்றினின் கலந்தால் செம்மஞ்சள் நிறம் தோன்றுவதைக் கண்டறிந்தார். நிறம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு கிரியற்றினின் உண்டு. அந்தப் பழைய நிறச் சோதனையின் வழிவந்த முறையே இன்றும் பல ஆய்வுகூடங்களிலே பயன்படுகின்றது.

கிரியற்றினின் ஏன் சிறந்த அளவுகோல் ஆயிற்று? குளத்தை உவமையாகக் கொண்டால் இது தெளிவாகும். அகத்திமுறிப்புக் குளம் போன்ற ஒரு குளத்துக்குள் நாள்தோறும் ஒரே அளவான நீர் வந்து சேர்கின்றதென்றும், ஒரே துருசினூடாக அது வெளியேறுகின்றதென்றும் வைத்துக்கொள்ளுங்கள். வரவும் செலவும் சமமாயிருக்கும்வரை நீர்மட்டம் மாறாது. துருசு பாதி அடைபட்டால் மட்டம் ஏறும். ஏறிய நீரின் அழுத்தத்தால் வெளியேறும் நீரும் கூடி, வரவுக்கு மீண்டும் சமமாகும்போது, மட்டம் உயர்ந்த ஓரிடத்திலே நிலைகொள்ளும். தசை நாள்தோறும் அனுப்பும் கிரியற்றினினே வரவு, சிறுநீரகமே துருசு, இரத்தத்திலுள்ள அளவே நீர்மட்டம். சிறுநீரகத்தின் வடிகட்டும் ஆற்றல் பாதியாகக் குறைந்து அந்நிலையிலே நிற்குமாயின், இரத்தத்துக் கிரியற்றினின் ஏறத்தாழ இருமடங்காகும்.

இந்த உவமையிலே ஓர் எச்சரிக்கை மறைந்து கிடக்கின்றது. ஒருவருக்கு இயல்பாகவே 0.6 என்றிருந்த அளவு 1.2 ஆக ஏறினால், அவர் வடிகட்டும் ஆற்றலிலே ஏறக்குறையப் பாதியை இழந்திருக்கலாம்; ஆயினும் ஆய்வுகூடத்துத் தாள் அதனை எல்லைக்குள் அடங்கியதாகவே காட்டக்கூடும். ஆகவே எண்ணின் உயரத்தைப் போலவே, அது முன்பு எங்கே இருந்தது என்பதும் முக்கியமாகும்.

எண்ணை வாசிக்கும்போது முதலிலே கவனிக்க வேண்டியது அலகு. சில ஆய்வுகூடங்கள் கிரியற்றினினை ஒரு தெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தருகின்றன. வேறு சில, ஒரு லீற்றருக்கு இத்தனை மைக்குரோமோல் என்று தருகின்றன. முதல் அலகிலே 1 என்பது இரண்டாவது அலகிலே 88.4 ஆகும். ஓரிடத்திலே 1.2 என்று தாள் பெற்றவர் மற்றோரிடத்திலே 106 என்று கண்டால், நோய் நூறு மடங்கு பெருகிவிட்டதென்று நடுங்க வேண்டியதில்லை. இரண்டும் ஒன்றே. வளர்ந்த ஆண்களுக்கு ஏறத்தாழ 0.7 முதல் 1.3 மில்லிகிராம் வரையும், பெண்களுக்கு அதிலும் சற்றுக் குறைவாகவும் வழமையான எல்லை கொள்ளப்படுகின்றது. ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் இவ்வெல்லை சிறிது வேறுபடுமாதலால், தாளிலே அச்சிடப்பட்ட எல்லையையே நோக்க வேண்டும்.

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியது, அந்த எண் யாருடையது என்பது. சிலாவத்துறையிலே வலை இழுத்து உரமேறிய தோளுடைய 30 வயது இளைஞர் ஒருவரையும், அரிப்பிலே மெலிந்த உடம்போடு வாழும் 70 வயது மூதாட்டி ஒருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் கிரியற்றினின் 1.2 மில்லிகிராம். எண் ஒன்றே, பொருள் வேறு. இளைஞருக்குத் தசை மிகுதி, வரவு மிகுதி. மூதாட்டிக்குத் தசை குறைவு. குறைந்த வரவுக்கே மட்டம் இவ்வளவு உயர்ந்துள்ளது என்றால் துருசு நன்றாக அடைபட்டிருத்தல் வேண்டும். இந்த வேறுபாட்டைக் கணக்கிலே கொண்டுவருவதற்காக வயதையும் பாலையும் சேர்த்து வடிகட்டும் ஆற்றலைக் கணிக்கும் சூத்திரங்களை அறிஞர் வகுத்துள்ளனர். இப்போது பெரிதும் வழங்கும் சூத்திரம் 2009இலே வெளியாகி 2021இலே திருத்தப்பட்டது. அதன்படி இளைஞருடைய ஆற்றல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 83 மில்லிலீற்றர். மூதாட்டியினுடையது ஏறத்தாழ 49. முன்னவரைப் பற்றி அந்த எண் மட்டும் கவலை தருவதன்று. பின்னவரைத் தொடர்ந்து கவனித்தல் அவசியம்.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. போரிலே காலை இழந்தவர்களும், நெடுநாட் படுக்கையிலே தசை வற்றியவர்களும் இப்பகுதிகளிலே இல்லாமலில்லை. அவர்களுடைய உடம்பிலே தசை குறைந்திருப்பதனால், சிறுநீரகம் பழுதுபட்டிருந்தும் கிரியற்றினின் நல்லதுபோலத் தோற்றமளிக்கலாம். வைத்தியரிடம் செல்லும்போது இதனைத் தவறாது நினைவூட்டுதல் நன்று.

மூன்றாவதாக, அந்த உயர்வு சிறுநீரகப் பழுதினாலே வந்ததுதானா என்று வினவ வேண்டும். முதல் நாள் இரவு இறைச்சியை நிறைய உண்டவருக்கு அடுத்த நாட் காலையிலே கிரியற்றினின் சற்று உயர்ந்து காணலாம்; இறைச்சி வேகும்போது அதிலுள்ள கிரியற்றின் கிரியற்றினினாக மாறுவதே காரணம். கடும் உடற்பயிற்சியும், உடலைத் திரட்டுவதற்கென்று இளைஞர் சிலர் உட்கொள்ளும் கிரியற்றின் தூளும் அவ்வாறே எண்ணை உயர்த்தும். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கப்படும் கோட்ரைமொக்சசோல் போன்ற சில மருந்துகள், சிறுநீரகத்தைக் கெடுக்காமலே, கிரியற்றினின் வெளியேறும் வழியிலே சிறிது தடையிட்டு எண்ணை ஏற்றிவிடும். நீரிழிவு முற்றிக் கீற்றோன் என்னும் பொருள் இரத்தத்திலே மிகுந்தவருக்கு யாபேயின் நிறச் சோதனை சில வேளைகளிலே பொய்யும் சொல்லும்.

இவற்றினும் முசலி போன்ற வரண்ட கரையிலே அடிக்கடி நிகழக்கூடியது உடம்பின் நீர் வற்றுதல். வெயிலிலே நாள் முழுவதும் வலை இழுத்தவரும், வயலிலே அரிவு வெட்டியவரும், வயிற்றோட்டத்தாலும் வாந்தியாலும் வாடியவரும் அந்நிலையிலே இரத்தம் கொடுத்தால் எண் உயர்ந்தே நிற்கும். நீரும் உப்பும் ஈடுசெய்யப்பட்டு ஓய்வும் கிடைத்தபின் எடுத்தால் அது இறங்கிவிடலாம். ஆயினும், "வெயிலிலே வந்தது, தானே போய்விடும்" என்று தீர்மானிப்பதும் தவறு. இறங்கிற்றா என்பதை மறுபரிசோதனையே காட்ட வேண்டும்.

பரிசோதனைக்குச் செல்பவர் அதற்கு முன்னாளிலே கடும் வேலையையும் மிகுதியான இறைச்சியையும் தவிர்த்து, வழக்கம்போல நீரருந்தி, தாம் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் கையோடு கொண்டு செல்லல் வேண்டும். கடையிலே கேட்டு வாங்கிய நோக்குளிசையும், நாட்டு மருந்தும் இவற்றுள் அடங்கும்.

இனி, பொறுத்திருக்கலாகாத வேளை ஒன்றுண்டு. இரண்டு நாளுக்குள்ளே கிரியற்றினின் 0.3 மில்லிகிராம் ஏறினாலோ, ஒரு வாரத்துக்குள்ளே முன்னிருந்ததைப் போல் ஒன்றரை மடங்கானாலோ, அதனைத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு என்று வைத்தியர் கொள்வர். கண்ணாடி விரியன் கடித்தவருக்கும், வயற்சேற்றிலே நின்று எலிக்காய்ச்சல் கண்டவருக்கும், கடும் வயிற்றோட்டத்தால் மெலிந்தவருக்கும், சிறுநீர்ப் பாதை கல்லினாலோ சுக்கிலச் சுரப்பி வீக்கத்தினாலோ அடைபட்டவருக்கும் இது நேரக்கூடும். சிறுநீர் மிகக் குறைந்து போதல், அது கறுத்துப் போதல், முகமும் காலும் வீங்குதல், மூச்சு முட்டுதல், மயக்கம் என்னும் குறிகள் தோன்றினால் ஒரு நாளும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். தக்க காலத்திலே கவனிக்கப்பட்டால் இவ்வகைப் பாதிப்பு பெரும்பாலும் தேறிவிடுவது. தாமதித்தால் நிலைத்த பழுதாகலாம்.

இத்தகைய அவசர நிலை இல்லாதவருக்குக் காலமே சிறந்த சோதனையாளன். சிறுநீரகத்தின் குறைபாடு மூன்று மாதத்துக்கு மேல் நிலைத்து நின்றால்தான் அதற்கு 'நாட்பட்ட சிறுநீரக நோய்' என்று பெயர். ஆதலால் முதன்முறை எண் உயர்ந்து கண்டவருக்கு வைத்தியர் சில நாட்களிலோ வாரங்களிலோ ஒரு முறையும், மூன்று மாதத்தின் பின் மற்றொரு முறையும் பரிசோதனையைத் திரும்பச் செய்விப்பார். அதனோடு சிறுநீரிலே அல்புமின் என்னும் புரதம் கசிகின்றதா என்றும் பார்ப்பார். சிறுநீரிலே புரதம் காணப்படுவதையும் சிறுநீரக நோயையும் தொடர்புபடுத்தி 1827இலே இலண்டன் வைத்தியர் றிச்சட் பிறைற் எழுதிய நாள் முதல் இச்சோதனை மருத்துவ உலகிலே மதிப்புப் பெற்றுள்ளது. இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, தேவையாயின் ஒலியலைப் படம் ஆகியவையும் சேர்ந்தால் வினாவுக்கு விடை உருவாகத் தொடங்கும்.

வடிகட்டும் ஆற்றலைக் கொண்டு நோயை ஐந்து படிகளாக வகுப்பர். 90க்கு மேற்பட்டது முதற்படி. 60 முதல் 89 வரை இரண்டாவது. 30 முதல் 59 வரை மூன்றாவது. 15 முதல் 29 வரை நான்காவது. 15க்குக் கீழ்ப்பட்டது ஐந்தாவது. முதல் இரண்டு படிகளிலே, சிறுநீரிற் புரதம் முதலான வேறு அறிகுறி இருந்தால்தான் நோய் என்று சொல்வர். இந்தப் படிகளில் ஏறியவர் எல்லோரும் கடைசிப் படிக்குச் சென்றே தீர்வர் என்று எண்ணுதல் கூடாது. மூன்றாம் படியிலே நின்றவண்ணம் முழு ஆயுளையும் கழித்தவர் மிகப் பலர்.

இவ்வளவு சொல்லியும் முசலியிலே சிலருக்கு அச்சம் நீங்காதிருப்பதற்குத் தகுந்த காரணம் உண்டு. அருவியாறு அநுராதபுரப் பகுதியினூடாக ஓடிவந்தே மன்னார்க் கடலிலே விழுகின்றது. அந்த அயல் மாவட்டத்திலே மதவாச்சி, பதவியா முதலிய இடங்களிலே, 1990களின் நடுப்பகுதியிலிருந்து ஒரு புதுவகையான சிறுநீரக நோய் வைத்தியர்களின் கவனத்துக்கு வந்தது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இல்லாத உழவர்கள் பலர் அதற்கு ஆளாயினர். 'காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்' என்றே அதற்குப் பெயரிட்டனர். பொலனறுவையிலே சீன அரசின் உதவியோடு கட்டப்பட்ட சிறுநீரக வைத்தியசாலை 2021ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டதிலிருந்தே அந்நோயின் பரப்பை ஓரளவு ஊகிக்கலாம். மத்திய அமெரிக்காவிலே எல் சல்வடோர் முதலிய நாடுகளின் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடையிலும், ஆந்திரத்துச் சிறீகாகுளம் மாவட்டத்தின் உத்தானம் பகுதியிலும் இதனை ஒத்த நோய் காணப்படுகின்றது.

நிலத்தடி நீரின் வன்மையும் அதிலுள்ள புளோரைட்டும், வயலுக்கு இடும் நச்சு மருந்துகள், கடும் வெயிலிலே நீர் வற்ற உழைத்தல் என்று பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. இதுதான் காரணம் என்று ஐயமற எதுவும் நிறுவப்படவில்லை. ஆகவே, ஆற்றின் பெயரைக் கேட்டே அஞ்சுவதும், தன் கிணற்று நீரே எமன் என்று முடிவு கட்டுவதும் பொருந்தாது. ஆனால் அந்த நோய் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. அதன் தொடக்க நிலையிலே சிறுநீரிற் புரதம் மிகக் குறைவாகவே காணப்படும். சிறுநீரை மட்டும் சோதித்து "ஒன்றுமில்லை" என்று அமைதி கொள்வதற்கில்லை. வரண்ட வலயத்திலே வெயிலில் உழைப்பவருக்கு இரத்தப் பரிசோதனையும் வேண்டும் என்பதே அப்பாடம்.

இனி, எண் உயர்ந்தவர் செய்யத்தக்கதும் செய்யத்தகாததும் எவை?

முதலாவது, நோக்குளிசை. உடல் நோவுக்கென்று கடையிலே வாங்கி விழுங்கும் டைக்குளோபினாக், இபுபுரோபென் வகைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைப்பவை. நீர் வற்றிய உடம்பிலே அவற்றின் தீங்கு பன்மடங்காகும். நாள் முழுவதும் வள்ளத்திலே உழைத்துவிட்டு இரவு இரண்டு குளிசை போட்டுக்கொள்ளும் வழக்கமுடையவர் இதனை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, நாட்டு மருந்து. நம் முன்னோரின் மருத்துவம் மதிக்கத்தக்கது. ஆனால் மூலிகை என்றாலே தீங்கற்றது என்று கொள்ளலாகாது. ஆடுதின்னாப்பாளை, ஈசுவரமூலி என்னும் செடிகளின் இனத்திலே அரிஸ்டலோக்கிக் அமிலம் என்னும் நச்சுப்பொருள் உண்டு. 1990களின் தொடக்கத்திலே பெல்ஜியத்திலே உடல் மெலிவதற்காக இவ்வினச் செடி கலந்த மருந்தை உண்ட பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்தனர். குறுக்கே வெட்டினால் விண்மீன் போலத் தோன்றும் புளிப்புப் பழத்தின் சாறும் பிலிம்பிக்காய்ச் சாறும் மிகுதியான ஒட்சலேற்று உடையவை. அவற்றை நிறையக் குடித்தவருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தது இந்நாட்டிலேயே கண்டறியப்பட்டுள்ளது. சிறுநீரகத்தைக் 'கழுவும்' சாறு என்று எவர் எதைக் கொடுத்தாலும் வைத்தியரைக் கேளாது அருந்தற்க.

மூன்றாவது, வைத்தியர் கொடுத்த மருந்தைத் தானாக நிறுத்துதல். எனாலப்பிரில், லொசாட்டன் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளைத் தொடங்கிய வாரங்களிலே கிரியற்றினின் சிறிது ஏறுவதுண்டு. நூற்றுக்கு முப்பது பங்குக்கு உட்பட்ட ஏற்றத்தை வைத்தியர் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வர். ஏனெனில் நெடுங்காலத்திலே சிறுநீரகத்தைக் காப்பவை அம்மாத்திரைகளே. எண்ணைக் கண்டு பயந்து அவற்றை வீசிவிடுபவர் காவலனையே வீட்டை விட்டுத் துரத்தியவராவர். வாந்தியும் வயிற்றோட்டமும் வந்த நாட்களிலே மட்டும், அவற்றைத் தொடர்வதா நிறுத்துவதா என்று வைத்தியரை உடனே கேட்டறிதல் வேண்டும்.

நான்காவது, உணவும் நீரும். நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்கு உட்பட்ட உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. மன்னார்க் கரையிலே கருவாடு அன்றாட உணவு. அதன் உப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றி அதன் வழியே சிறுநீரகத்தைத் தாக்கும். கருவாட்டை அருமையாகவும் உப்பிடாத மீனை வழக்கமாகவும் கொள்ளுதல் நன்று. வெயிலிலே உழைப்பவர் தாகம் எடுக்கும்வரை காத்திராது இடையிடையே நல்ல நீர் அருந்த வேண்டும். ஆனால் காலும் முகமும் வீங்கியவரும், நோய் முற்றியவரும் எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதை வைத்தியரே வரையறுப்பார். குடங்குடமாக நீரைக் குடித்தால் கிரியற்றினின் கரைந்து போய்விடும் என்பது தவறான நம்பிக்கை. நோய் முற்றியவருக்கு இளநீரிலும் பழங்களிலும் உள்ள பொட்டாசியம் இருதயத்தைப் பாதிக்கக்கூடும். தொடக்க நிலையினருக்கு அந்தத் தடை பெரும்பாலும் இல்லை. ஒருவருக்கு விதித்த பத்தியத்தை மற்றவர் பின்பற்றுவதால் உடல் மெலிவதே பயன்.

நோன்பு மாதத்திலே விடியலிலிருந்து மாலைவரை நீரருந்தாதிருப்பவர்கள், தமக்குச் சிறுநீரகக் குறைபாடு இருப்பதாக அறிந்திருந்தால், மாதம் பிறக்குமுன்னே வைத்தியருடனும் மார்க்க அறிஞருடனும் கலந்து முடிவு செய்தல் முறையாகும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருப்பதை அறியாதார் இல்லை. தம்மை நோயாளியென்று ஒப்புக்கொள்வதிலேதான் பலருக்குத் தயக்கம்.

இவை யாவற்றிலும் எளியதும், பெரும்பாலோர் மறப்பதுமான காரியம் ஒன்று எஞ்சியிருக்கின்றது. அது பழைய தாளைப் பேணுதல். முன்பிருந்த எண் தெரியாவிடில் இன்றைய எண் ஏறியதா, இறங்கியதா, நெடுங்காலமாக அங்கேயே நிற்கின்றதா என்று சொல்ல எந்த வைத்தியராலும் இயலாது. முசலி மக்களுக்கு இதிலே தனிப்பட்ட இடர் ஒன்று உண்டு. 1990 ஒக்ரோபரிலே வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது இப்பகுதியினரும் ஊரைவிட்டுச் சென்று, புத்தளம் முதலிய இடங்களிலே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்தனர். முள்ளிக்குளத்தார் 2007இலே இடம்பெயர்ந்தனர். போர் 2009இலே முடிந்தபின்னர் மீள்குடியேற்றம் நடைபெற்றது. இவ்வாறு அலைந்தவர்களுடைய மருத்துவக் குறிப்புகள் ஒரு வைத்தியசாலையிலே பாதியும் மற்றொன்றிலே பாதியுமாகச் சிதறிக் கிடத்தல் இயல்பு. புத்தளத்திலே இரத்தம் கொடுத்தவர், சிலாவத்துறையிலோ மன்னாரிலோ மறுபடி கொடுக்கும்போது, முன்னைய தாளையும் கொண்டுவருதல் வேண்டும். பள்ளிப் பிள்ளையின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்று போதும். திகதி, எண், அலகு, இரத்த அழுத்தம், அன்று உட்கொண்ட மருந்து என்னும் ஐந்தையும் வரிசையாக எழுதி வைத்தால், எழுதப் படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளை பாட்டனாரின் சிறுநீரகத்துக்குக் காவலாகலாம்.

நோய் உண்டென்று உறுதியானாலும் நம்பிக்கை இழத்தல் வேண்டியதில்லை. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தால் பழுது மெல்லவே நகரும். நீரிழிவுக்கென்று கண்டறியப்பட்ட டப்பாகிளிபுளோசின் என்னும் மாத்திரை, நீரிழிவு இல்லாத சிறுநீரக நோயாளருக்கும் பயன்படுவதாக 2020இலே வெளியான ஆய்வு காட்டிற்று. 1943இலே ஒல்லாந்து வைத்தியர் கோல்வ் இயக்கிய குருதிச் சுத்திகரிப்புப் பொறியும், 1954இலே அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே வெற்றியுடன் நிகழ்ந்த சிறுநீரக மாற்றமும் கடைசிப் படியில் நிற்பவருக்கும் வாழ்வளிக்க வழிவகுத்தன. ஆயினும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பொறியை நாடிச் செல்லும் வாழ்வு, கடலையும் வயலையும் நம்பிய குடும்பத்துக்கு எத்துணைப் பாரம் என்பதை விரிக்க வேண்டியதில்லை. அந்தப் பாரம் வராமற் காக்கும் வாய்ப்பு, எண் முதலில் உயரும் காலத்திலேதான் மிகுதியாயிருக்கின்றது.

ஆதலால், நேயர்களே, அந்தத் தாள் கையிற் கிடைத்த நாளிலே அழவும் வேண்டாம். அதை மடித்து வைக்கவும் வேண்டாம். வைத்தியர் முன்னே அமர்ந்து நான்கு வினாக்களைக் கேளுங்கள். என் வயதுக்கும் உடம்புக்கும் இந்த எண்ணின் பொருள் யாது? முன்னைய எண்ணிலிருந்து இது எவ்வளவு மாறியுள்ளது? என் சிறுநீரிலே புரதம் உண்டா? அடுத்த பரிசோதனை எந்த நாள்? நான்காவது வினாவுக்குக் கிடைக்கும் விடையைச் சுவரிலே தொங்கும் நாட்காட்டியிலே குறித்துக்கொண்டு, அந்த நாளிலே தவறாது செல்லுங்கள்.